நான் கொடுக்காத பிள்ளை

என் அம்மா அற்புதம்மாள் உறையூரில் சுருட்டுச் சுற்றினாள். பாலக்கரையில் பிணம் குளிப்பாட்டினாள். முதல் வேலைக்குக் கூலி உண்டு. இரண்டாவதற்கு அந்த வீட்டில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டாள்.

எங்கள் சர்ச் பங்கில் நல்ல மரண சபை என்று ஒன்று இருந்தது. கேட்க நாதியில்லாத பெண்கள் செத்துப்போனால் குளிப்பாட்டி, சேலை கட்டி, தலைவாரி, கையில் ஜெபமாலை சுற்றிப் பெட்டியில் வைப்பது சபைப் பெண்களின் பொறுப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் அப்பா காய்ச்சலில் போன பிறகு அம்மா அதில் சேர்ந்தாள். யாராவது வாசலில் வந்து நின்று தெருப் பெயரை மட்டும் சொல்வார்கள். அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒருமுறை அடம்பிடித்துக் கூடப் போனேன். செத்துக் கிடந்தவளிடம் அம்மா, “கொஞ்சம் திரும்பிக்கம்மா, இதோ முடிஞ்சிடும்” என்று பேசிக்கொண்டே தலை வாரினாள். அப்படி ஒரு குரலில் என்னிடம் அவள் பேசியதே இல்லை. ஊர்ப் பிணத்துக்குத் தலைவார நேரமிருக்கிறவளுக்கு என் தலையை வார நேரமில்லை என்று பாப்பாயி அத்தையிடம் சொல்லி அழுதேன். அத்தை அம்மாவோடு சுருட்டுச் சுற்றியவள், சபையிலும் கூட்டாளி.

அறுபதில் எனக்குக் கல்யாணம். கணவர் கிளமென்ட்டுக்குத் தபாலாபீசில் உத்தியோகம். ஸ்ரீரங்கத்தில் ரயிலடிப் பக்கம் வாடகை வீடு. எங்களை மாதிரி வேதக்காரர்களுக்கு, கிறிஸ்தவர்களுக்கு, வீடு கொடுத்ததே பெரிது என்று வீட்டுக்காரம்மா அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். எதற்கெடுத்தாலும் தீட்டுப் பார்ப்பாள். அவளிடம் அம்மா டீச்சர் என்று சொல்லி வைத்தேன். தலைப்பிரசவத்துக்குக்கூட நான் பாலக்கரைக்குப் போகவில்லை, மாமியாரை வரவழைத்துக்கொண்டேன்.

மகன் அடைக்கலம் பிறந்த முப்பதாம் நாள் அம்மா பஸ் பிடித்து வந்தாள். வந்ததும் கையை நீட்டினாள். புகையிலைக் கறை ஏறிய கை. நான் பிள்ளையை மார்போடு இழுத்துக்கொண்டேன்.

“காலையில யாருக்காச்சும் போனீங்களா?”

“பீமநகர்ல ஒரு கெழவி. குளிச்சிட்டுத்தாம்மா வந்தேன்.”

“குளிச்சாப் போயிடுமா? அந்தக் கையால பிள்ளையத் தொடாதீங்க.”

அம்மா கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு எப்போது வந்தாலும் சுவரோரம் உட்கார்ந்து பேரனைப் பார்த்துவிட்டுப் போவாள். அவன் தவழ்ந்து அவள் பக்கம் போனால் நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வேன். பேச்சு வந்த பிறகு அவனுக்கே சொல்லிக்கொடுத்தேன், அம்மாச்சி கை அழுக்கு என்று. சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

அறுபத்து நாலு தை மாதம் அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

“இப்பல்லாம் நான் எங்கயும் போறதில்லம்மா” என்றாள்.

முட்டிவலியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். “தைலம் தேய்ச்சுக்கங்க” என்றேன். பேரனையே பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு போயிட்டு வரேன் என்று கிளம்பிவிட்டாள்.

மறுவருஷம் ஆடியில் சுருட்டுக் கொட்டகையில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பாப்பாயி அத்தைதான் குளிப்பாட்டிப் பெட்டியில் கிடத்தினாள். மூடுவதற்கு முன்னால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கையில் முத்தம் கொடுப்பது எங்கள் வழக்கம். நான் கொடுத்துவிட்டு அடைக்கலத்தைத் தூக்கிப் பிடித்தேன். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அம்மாச்சி கை அழுக்கும்மா. தொடக் கூடாதுன்னு சொன்னீல்ல.”

சுற்றி நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “சபை வேலையாலதான் அப்படிச் சொல்லி வச்சேன் அத்த, வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

அத்தை கையை விடுவித்துக்கொண்டாள்.

“சபையவிட்டு அவ நின்னு ஒண்ணரை வருஷமாச்சு லூர்து. அன்னிக்கு எப்படி அழுதா தெரியுமா? அப்புறம் ஒரு பொணத்தத் தொடல. ஒங்கிட்டச் சொல்லிட்டேன்னு சொன்னா, நீயா பேரனத் தூக்கிக் குடுப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தா.”

பெட்டியை மூட ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அடைக்கலத்தின் கையைப் பிடித்து இழுத்து அம்மாவின் கைமேல் வைக்கப் பார்த்தேன். அவன் வீறிட்டு அழுது திமிறினான். கிளமென்ட் அவனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பெட்டியை மூடிவிட்டார்கள்.