அஞ்சு பாஷைக் கேசட்

பாழாய்ப்போன அந்தக் கேசட்டை நாத்தனார் அந்தோணி மேரி கையில் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். யாரைப் போய்த் திட்ட?

என் வீட்டுக்காரர் சவரிநாதன் சர்க்கார் ஜீப் டிரைவர். மாஹேயில் மூன்று வருஷம், ஏனாமில் இரண்டு வருஷம் மாற்றலில் போட்டார்கள். மற்றவர்கள் புலம்பிக்கொண்டு திரும்பினார்கள். இவர் மலையாளமும் தெலுங்கும் கொண்டுவந்தார். பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்தது, லத்தீன் கோயிலில் பாடிப் பழகியது. தமிழோடு அஞ்சு பாஷையிலும் தானே பாட்டுக் கட்டி, தானே ஆர்மோனியம் வாசித்து, காலில் சலங்கை கட்டித் தாளமும் தானே போடுவார். வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கிறுக்கன் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், பாவி.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவருக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் தங்கும், பிறகு பேச்சு வராது என்றார் டாக்டர். இரண்டு வாரம் இருந்தது. பிரான்சிலிருக்கும் கொழுந்தன் பிலவேந்திரன் கொடுத்த டேப் ரெக்கார்டரில் பாஷைக்கு ஒன்றாக அஞ்சு பாட்டைப் பதிந்தார். நடுநடுவே ரத்தம் துப்பினார்.

“இது இருந்தா போதும் ஜெயசீலி. நான் ஊமையில்ல.”

எங்கள் குடும்பத்தில் கடிதாசி கிடையாது, கேசட்தான். பிலவேந்திரன் பேசி அனுப்புவான். கேட்டுவிட்டு அதன் மேலேயே நாங்கள் பேசித் திருப்பி அனுப்புவோம். அதனால் மறுபடி பதியாமல் தடுக்க ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை எங்கள் வீட்டில் யாரும் உடைத்ததே இல்லை. அவன் அனுப்பிய கேசட்டில் பாடிய இவரும் உடைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்னால் நாத்தனார் வந்தார்.

“பிரான்சுக்குப் போற ஆளு அடுத்த மாசம் கெளம்புது. பிலவேந்திரன் அனுப்புன கேசட்டு எங்கடி?”

ஆஸ்பத்திரிக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். புத்தி ஒரு நிலையில் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினேன். எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து பேசிப் பதிந்துவிட்டு, ஆள் கிளம்பும்வரை இருக்கட்டும் என்று கேசட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

கழுத்தில் ஓட்டையோடு வீடு திரும்பியவர் சிலேட்டில் “பாட்டு போடு” என்று எழுதினார். போட்டேன்.

“பிலவேந்திரா, நல்லா இருக்கியாப்பா? இங்க மழையே இல்ல...”

ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கரும்பு, சினைமாடு, வேளாங்கண்ணி வேண்டுதல் எல்லாம் நாத்தனார் குரலில். திருப்பிப் போட்டால் மறுபக்கம் வெறும் இரைச்சல். அவர் சுவரில் கையால் குத்தினார். வாய் திறந்திருந்தது, அழுகைக்குக்கூடச் சத்தம் வரவில்லை. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன்.

திடீரென்று என் வாயைப் பொத்தினார். முதல் பக்கத்தையே மறுபடி போட்டிருந்தார். நாத்தனார் பேச்சுக்குப் பின்னால், தோட்டத்துப் பக்கமிருந்து மலையாளப் பாட்டு லேசாகக் கேட்டது. அவர் குரல். இரண்டு வரி.

“டேய் சவரி, பேசிக்கினு இருக்கேன்ல, இன்னாடா பாட்டு? நிறுத்துடா!”

பாட்டு நின்றது.

“சரிக்கா, நிறுத்திட்டேன்.”

அவ்வளவுதான். பிறகு டேப் தீரும்வரை நாத்தனார்தான்.

அவர் பின்னால் ஓட்டி அந்த இடத்தை இன்னொரு தடவை கேட்டார். கேசட்டை வெளியே எடுத்தார். கத்தி முனையால் அந்தப் பிளாஸ்டிக் துண்டை உடைத்தார்.