ஒன்பதாம் சிக்னலுக்கு முன்

1

இந்தக் கதை என் தப்பில் தொடங்கியது. ஒரு நன்றியில் தொடங்கியது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தப்பு முதலில் வந்தது, நன்றி பின்னால் வந்தது. நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். புரோகிராம், கதை இரண்டையும் நானாகக் கற்றுக்கொண்டவன். இரண்டிலும் அது தெரியும்.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

"மதியம் இரண்டே முக்காலுக்கு ஒரு புரோகிராம் சாக மறுத்தது." (பந்தா. அடித்துவிட்டேன்.)

"தனியாக வாழ்கிறவனுக்கு ஒரு போன் வந்தால்..." (புலம்பல்.)

"ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு பைகள் இருந்தன." இது இருக்கட்டும்.

2

அந்தப் பெட்டியின் குளிர் நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாக வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு இல்லையென்றால் பைகள் அத்தனையும் குப்பைக்குப் போகும். அங்கே விதி அப்படி.

பதிவு செய்வது என் புரோகிராம். அளவுகளை நினைவகத்தில் சேர்த்துவைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் டிஸ்கில் எழுதும். டிஸ்க் தேயுமே என்று என் சிக்கனம். நடுவில் யாராவது நிறுத்தச் சொன்னால், மிச்சத்தை எழுதிவிட்டு நிற்கும்.

நிறுத்தச் சொல்வதற்கு எண் போட்ட சிக்னல்கள் உண்டு. பதினைந்தாவது, "கிளம்புப்பா" என்று சொல்வது மாதிரி. புரோகிராம் அதைக் கேட்டு, கையில் இருப்பதை முடித்துவிட்டுக் கிளம்பலாம். ஒன்பதாவது அப்படியில்லை. அது புரோகிராமின் காதுக்கே வராது, நேரே கழுத்துக்குப் போகும்.

பதினைந்து வந்தால் புரோகிராம், மறக்காமலிருக்க முந்தானையில் ஒரு முடிச்சு மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். கைவேலை முடிந்தபின் முடிச்சைப் பார்த்து மற்றதைச் செய்ய வேண்டும். நான் முடிச்சுப் போடவில்லை. சிக்னல் வந்த அந்த நொடியே எல்லாவற்றையும் எழுதப் பாய்கிற மாதிரி செய்திருந்தேன்.

(போன் அடிக்கிறது. அம்மா. இந்தப் பகுதியை முடித்துவிட்டு எடுக்கிறேன்.)

அன்று சிக்னல் வந்தபோது புரோகிராம், நடுவில் வேறெதுவும் கை வைக்காதபடி அளவுகளின் பட்டியலைப் பூட்டிக்கொண்டு ஓர் அளவைக் குறித்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுதப் பாய்ந்தது. எழுத வேண்டிய பட்டியலோ பூட்டியிருந்தது. பூட்டியது யார்? அதுவேதான். தான் எப்போது திறப்போம் என்று தானே காத்து நின்றது. நாள் முழுக்க நின்றிருக்கும்.

(பேசிவிட்டேன். "என்னடா பண்ற?" "எழுதிட்டு இருக்கேன்மா." "வேலையா?" "இல்ல, கதை." "சரி, சாப்ட்டு எழுது.")

3

சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு, அங்கே ஓடுவதையெல்லாம் நிறுத்த அன்று மூன்று மணிவரைதான் நேரம். மூன்றுக்கு எலெக்ட்ரீஷியன் அந்த அறையின் கரண்டை நிறுத்துவார். இரண்டு நாற்பதுக்கு அக்கா பதினைந்தை அனுப்பினார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மாடியிலிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உன் புரோகிராம் காது கேக்காத மாதிரி உக்காந்திருக்கு."

"ஒன்பது போட்டுடுங்கக்கா."

"போட்டா உள்ள இருக்கறது?"

"போயிடும்."

"எத்தன மணி நேரத்தோடது?"

"அஞ்சரை."

"நல்லா இருக்குடா. இருநூத்திச் சொச்சம் பேரு கையை நீட்டிக் குடுத்தது. நீ ஒத்த வார்த்தையில முடிச்சுட்ட. இறங்கி வா."

ஓடினேன். எலெக்ட்ரீஷியன் வாசலில் நின்றிருந்தார். "மேடம், சொன்னா சொன்ன நேரம். மூணுக்குக் கழட்டிடுவேன்."

"அதுக்கு முன்னாடி கைய வெச்சீங்க, உங்களக் கழட்டிடுவேன்."

பிறகு அக்கா கீழ்த்தளத்துக்குப் போன் போட்டார். "ரத்த வங்கி அண்ணனா? பேனாவ எடுங்கண்ணே. இந்த நிமிஷத்துலேர்ந்து பெட்டியில இருக்கற மீட்டரப் பாத்து நீங்களே எழுதுங்க."

அதன்பின் ஒரு கட்டளை அடித்தார். புரோகிராமை உறையவைத்து, அதன் நினைவகத்தை அப்படியே அறைக்கு வெளியே இருக்கும் வேறொரு மெஷினில் நகலெடுக்கும் கட்டளை. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நகல் முடிய ஏழு நிமிடம். இரண்டு ஐம்பத்தெட்டுக்குத்தான் ஒன்பதைப் போட்டார்.

4

அக்காவை ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனோ? சமன் செய்ய ஒன்று சொல்கிறேன்.

"உனக்கு யாருடா கத்துக்குடுத்தா?"

"நானாத்தான்க்கா."

"தெரியுது."

ஒரு வாரம் இதையே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். ஆனால் இந்த ஊரில் என்னை "தம்பி" என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருக்கிறார். சிரிக்கட்டும்.

5

முடிவுகள்.

(அ) நகல் கெட்டுப்போனது. பைகளை ஒவ்வொன்றாகக் குப்பையில் போடுவதை நான் நின்று... (எழுத மாட்டேன்.)

(ஆ) நகலில் எதுவும் புரியவில்லை. ஆனாலும் ரத்த வங்கி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். (அவர் போட மாட்டார். போடவும் கூடாது.)

(இ) நடந்தது. அந்த நகலுக்குள் அக்காவும் நானும் மாலை வரை துழாவினோம். முந்நூற்று முப்பது அளவுகளும் வரிசையாகக் கிடைத்தன. எல்லாம் நான்கு டிகிரியை ஒட்டியே. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். தன் கையால் எழுதிய தாளை அதன் பின்னால் வைத்து ஸ்டேப்ளர் அடித்தார். "பையெல்லாம் இருக்கட்டும்" என்றார்.

கதை இதோடு முடியவில்லை. அடுத்த சில வாரங்களில் பைகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. யாருக்கு என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். கேட்கவும் கூடாது. ஆக, இதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு முடிவுகள் இருக்கின்றன. என்னிடம் ஒன்றுகூட இல்லை.

ஒருவேளை ஒன்று உங்களிடம் இருக்கலாம். என்றைக்காவது ஒரு கட்டிலில் படுத்து, மேலே தொங்கும் பையிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்திருந்தால், மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுந்து, செருப்பு மாட்டி, வீட்டுக்கு நடந்ததிலிருந்து தொடங்குங்கள்.