நட்டநடுவில் இரண்டு வீடுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல. எங்கள் கவுண்டியின், அதாவது எங்கள் சின்ன மாவட்டத்தின், வாரப் பத்திரிகைக்கு, இடைநிலைக் குடும்ப வருமானம் பற்றி ஒரு கட்டுரை. எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், அவ்வளவுதான் விஷயம். அடுத்த வாக்கியத்தில் ஜோலீன் ஹவெல்கா காரைவிட்டு இறங்கிவிட்டாள். கட்டுரை போச்சு.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஆகஸ்ட் வெயிலில், சோளக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார்…"

(வேண்டாம். இங்கே யார் கதை எழுதினாலும் அந்தக் கார் வந்துவிடுகிறது.)

2

ஜோலீன் மாநிலத் தலைநகரில் இருக்கிறாள். ஒவ்வொரு கவுண்டிக்கும் அந்த எண்ணை மதிப்பிடுவது அவள் வேலை. அவளுக்குத் தலைவலி நாங்கள்தான். இங்கே மாடுகள் அதிகம், வீடுகள் குறைவு. கணக்கெடுப்பில் அகப்படும் வீடுகள் அதைவிடக் குறைவு. அதனால் எங்கள் எண் ஒரு வருடம் ஏறும், மறுவருடம் இறங்கும். இந்த வருடம் ஏறி, ஆம்புலன்ஸ் மானியத்துக்கான வருமானக் கோட்டை மயிரிழையில் தாண்டிவிட்டது. தாண்டினால் மானியம் நின்றுவிடும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ ஒரு மணி நேரம் போக வேண்டும்.

கவுண்டி நிர்வாகக் குழுத் தலைவர் வெர்ன் ஓஸ்ட்பி அவளை ஃபோனில் பிடித்தார்.

"நாங்க பணக்காரங்க ஆயிட்டோமாமே. எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையே. கோடைத் திருவிழாவுக்கு வாங்கம்மா, அந்தப் பணக்காரங்க யாருன்னு காட்டிட்டுப் போங்க."

அவள் பயந்துகொண்டே கிளம்பினாள்.

(இது என் ஊகம். பின்னால் கேட்டபோது, "பயமா? சுட்ட இறைச்சி போடுவாங்கன்னு சொன்னாங்க, வந்தேன்" என்றாள். ஆனாலும் அந்த வாக்கியத்தை விட்டுவைக்கிறேன். கொஞ்சம் பயந்துதான் இருப்பாள்.)

3

மைதானத்தில் வெர்ன் மைக்கைப் பிடித்தார். வீட்டுக்கு ஒருவர் வரிசையில் வர வேண்டும். தொகையைச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் நிற்பவரைவிட மேலா, கீழா என்று தெரிந்தால் போதும்.

"இதை நான் கணக்குல சேர்க்க முடியாதுங்க," என்றாள் ஜோலீன்.

"சேர்க்க வேணாம். எங்களுக்கே பார்க்கணும்னு ஒரு ஆசை."

கவுண்டியே கீழ்க்கோடிக்கு ஓடி முட்டி மோதியது. மேல்கோடியில் போட்டிக்கு வந்த ஆட்டுக்குட்டி ஒன்று மட்டும் நின்றது.

"ஏய்யா, போன மாசம்தான புது டிராக்டர் எடுத்த? மேல போ."

"டிராக்டர் பேங்க்கோடது. பேங்க்கை மேல போகச் சொல்லு."

மேல்கோடியிலிருந்துதான் இறைச்சி பரிமாறப்படும் என்று வெர்ன் அறிவித்தார். வரிசை மெதுவாக மேலே ஊர்ந்தது. ஜோலீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை காலம் திரையில் மட்டும் பார்த்த எண், தொப்பி போட்டுக்கொண்டு வேர்வையோடு அவள் முன்னால் நின்றது.

இரண்டு முனையிலிருந்தும் எண்ணி வந்தாள். மொத்தம் இரட்டைப்படை. நடு, இரண்டு பேருக்கு இடையில் விழுந்தது. ஒருவர் ராய்ஸ் டில்மன். காற்றாலைப் பம்பு ரிப்பேர் செய்பவர், மனைவி காலமானபின் தனியாக இருப்பவர். இன்னொருத்தி மேவிஸ் லுண்ட். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள், அவளும் தனி. ராய்ஸின் தலையில் முடியே கிடையாது. ஆனாலும் மாதம் தவறாமல் மேவிஸ் கடைக்குப் போவார்.

"அப்ப நடு எந்த வீடுதான்?" என்றார் வெர்ன்.

"எந்த வீடும் இல்லைங்க. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கு."

ராய்ஸ் தொண்டையைச் செருமினார். "ரெண்டு வீடும் ஒரே வீடாயிட்டா நடு எங்க போகும்மா?"

ஜோலீன் மனக்கணக்குப் போட்டாள். "இவங்க சேர்ந்த வீடு மேல போயிடும். நடுவும் மேல நகரும். இவங்களுக்கு மேல அடுத்து நிக்கிறவர்தான் நடு."

அடுத்து நின்றவர் வெர்ன்.

"ராய்ஸ், பார்த்துப் பேசுப்பா. ஆம்புலன்ஸ் கையைவிட்டுப் போயிடும்."

"நீ சும்மா இரு வெர்ன்," என்றாள் மேவிஸ். பார்வை ராய்ஸ் மேலேயே இருந்தது. "கேக்குறதை என்னைப் பார்த்துக் கேளு. அந்தம்மாவைப் பார்த்து ஏன் கேக்குற?"

ராய்ஸ் திரும்பினார். அவளைப் பார்த்து,

4

இங்கே நிறுத்துகிறேன். முதலில் ஆம்புலன்ஸ்.

ஜோலீன் எண்ணை மாற்றவில்லை. மாற்றுகிறவளாக அவளை ஒரு பிரதியில் எழுதிப் பார்த்தேன். காகிதத்திலேயே நிற்க மறுத்துவிட்டாள். இவ்வளவு குறைந்த வீடுகளை வைத்துப் போட்ட மதிப்பீட்டில் பிழை வரம்பு எவ்வளவு அகலம் என்பதையும், கவுண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதி அனுப்பினாள். அடித்துச் சொல்ல முடியாததற்காக மானியத்தை நிறுத்துவதில்லை என்று மேலிடம் முடிவு செய்தது. இலையுதிர் காலத்தில் புது ஆம்புலன்ஸ் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, சைரனோடு, ஊரை ஒரு சுற்று வந்தது.

5

இனி மேவிஸின் பதில்.

முடிவு அ: "சரி" என்கிறாள், கவுண்டியே கை தட்ட… (நான் எழுதினால் சினிமா மாதிரி ஆகிறது.)

முடிவு ஆ: "வேண்டாம்" என்கிறாள். (ராய்ஸின் முகத்தை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

கடைக்குப் போய் மேவிஸிடமே கேட்டேன். கத்தரி என் காதோரம் இருந்தது.

"நீங்க சொன்னதை அப்படியே எழுதிடட்டுமா?"

"கூடாது. அது அவருக்குச் சொன்ன பதில்."

"படிக்கிறவங்க கேப்பாங்களே."

"அவங்களையே சொல்லச் சொல்லு."

ஆகவே, வாசகரே, நீங்கள் மேவிஸ். ராய்ஸ் திரும்பி உங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டார். கவுண்டி வரிசை கலையாமல் நிற்கிறது, இறைச்சி ஆறிக்கொண்டிருக்கிறது. சொல்லுங்கள்.