மூன்று எண்களில் ஒன்று

அறுபத்தெட்டு மணி நேரம் கழித்து ஜீவிதாவின் மெயில் கணக்கு திரும்பக் கிடைத்தது. வியாழக்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்கு, மாற்று முகவரியாகக் கொடுத்திருந்த சகாயராணியின் மெயிலுக்கு அந்தத் தகவல் வந்து சேர்ந்தது.

"ஏசப்பா, வந்துருச்சுடீ!" என்று சகாயராணி நாற்காலியோடு திரும்பினாள். "போ, போயி டீ வாங்கிட்டு வா. கூட ரெண்டு வடை."

இருவரும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தார்கள். சகாயராணி பத்து வருஷ டெக்னீசியன். ஜீவிதா பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு வந்தவள், சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வருகிறவர்களிடம் பேர் கேட்பதற்கே அவளுக்குக் குரல் எழும்பாது.

அந்த மெயிலுக்குள்தான் ஓசூர் மருந்துக் கம்பெனியின் வேலை உத்தரவு இருந்தது. அதில் உள்ள லிங்க்கைத் திறந்து சம்மதம் கொடுக்க இன்று மாலை ஐந்து மணி வரைக்கும்தான் நேரம். காலையில் தயங்கித் தயங்கிக் கம்பெனிக்குப் போன் போட்டாள். "எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா. லிங்க் வழியாத்தான் வரணும். அஞ்சு மணிக்கு மேல அடுத்த ஆளுக்குப் போயிரும்" என்று ஒருவர் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஜீவிதா பாஸ்வேர்டை அடித்தாள். ஏற்றுக்கொண்டது. அடுத்த பக்கம் திறந்தது.

'உங்கள் போனைப் பாருங்கள். அதில் தோன்றும் மூன்று எண்களில் 58-ஐத் தொடுங்கள்.'

"வடையைக் கேன்சல் பண்ணிருங்கக்கா" என்றாள்.

அந்தப் போன் அவளிடம் இல்லை. அக்கா சுடிதார் தங்கைக்குப் போவதுபோல, போன வருஷம் அவளுடைய பழைய போன் சிம்மோடு அம்மாவுக்குப் போயிருந்தது. அதிலிருந்து கணக்கை எடுக்கவோ, புதுப் போனில் அதைப் போடவோ அவளுக்குத் தோன்றவில்லை. அம்மா மணிமேகலை நத்தம் பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

கணக்கு முடங்கியதும் அந்தப் போனால்தான். பெரியம்மா ஒருத்தி ஏதோ கட்டத்தைத் தொட்டுப் பேங்க் பணத்தைப் பறிகொடுத்ததிலிருந்து, எது வந்தாலும் கீழே இருக்கும் 'இல்லை'யைத்தான் அமுக்க வேண்டும் என்று ஜீவிதா அம்மாவுக்குச் சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமை சாயந்திரம் லேப் கம்ப்யூட்டரில் அவள் மெயிலைத் திறந்தபோது, 'இது நீங்கள்தானா?' என்று அம்மாவின் போனில் கேட்டிருக்கிறது. மகள் சொன்ன பேச்சைத் தட்டாமல் அம்மா கீழே அமுக்கிவிட்டாள். யாரோ திருட வந்ததாக நினைத்து மெயில் கம்பெனியில் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

ஜீவிதா அம்மாவை அழைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"அம்மா, இப்ப மூணு நம்பர் வந்திருக்கும். அதுல அம்பத்தெட்டைத் தொடு."

"மேலயா, நடுவுலயா, கீழயா? அதைச் சொல்லுத்தா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? உன் போன்லதானே இருக்கு. பார்த்துத் தொடு."

போனில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. "தொட்டுட்டேன்."

'சரிபார்க்க முடியவில்லை.'

பிரவுசரில் தேங்கிய பழைய ஃபைல்களால் கோளாறாக இருக்கலாம் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுபடி உள்ளே போனாள். இந்த முறை 17. அம்மா தொட்டாள். முடியவில்லை. அம்மாவிடம் போனை அணைத்துப் போடச் சொன்னாள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. கல்லூரி லேபில் படித்தது இதுதான். அவள் மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று. அம்மா.

இடையில் ஒரு பெரியவர் வந்து கையை நீட்டினார். "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சாங்கய்யா?" என்று கேட்டு ஊசியைக் குத்தினாள். ரத்தம் மெதுவாகத்தான் ஏறியது. மணி மூன்றரை.

"பஸ் ஏறிப் போயிரலாம்ல?" என்றாள் சகாயராணி.

"நத்தம் போயி, ஷேர் ஆட்டோ பிடிச்சு, வீட்டுக்குப் போறப்போ அஞ்சைத் தாண்டிரும்க்கா."

"பக்கத்து வீட்ல யாரையாவது கூப்பிடச் சொல்லு."

கேட்டாள். "அய்யம்மா வீட்ல எல்லாரும் மாங்காய் பறிக்கப் போயிட்டாங்க. தெருவுல ஒரு குஞ்சு குருமான் இல்ல. நான் பார்த்துக்கிறேன், நீ நம்பரைச் சொல்லு" என்றாள் அம்மா.

"எழுபத்திரண்டு."

தவறு.

சகாயராணி போனை வாங்கிக்கொண்டாள். "அம்மா, நான் சகாயராணி. என்னா, உங்களுக்கு எண் தெரியாதா? தெரிஞ்சா தைரியமா அமுக்குங்க, கடிக்காது."

"மில்லுல பதினெட்டு வருஷம் நூல் கோன் எடை போட்டு எழுதுனவளாக்கும் நானு. எனக்கா எண்ணு தெரியாது?" அம்மாவின் குரலில் சூடு இருந்தது. சகாயராணி சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஜீவிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எண் தெரிந்தவள் ஏன் ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைத் தொடுகிறாள்?

கம்ப்யூட்டர் இப்போது, பலமுறை தவறாகிவிட்டது, வேறு வழியை முயலுங்கள் என்றது. மெசேஜில் ஆறு இலக்க எண் அனுப்பும் வழி ஒன்று இருந்தது. அதுவும் அம்மாவின் நம்பருக்குத்தான் போகும். ஜீவிதா அதைத் தேர்ந்தெடுத்தாள். மணி நாலே கால்.

"மெசேஜ் வந்துச்சாம்மா?"

"டிங்குன்னுச்சு."

"அதைத் திறந்து ஆறு நம்பரையும் படி. அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"இரு, வெளிச்சத்துக்கு வாரேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு கிறீச்சிட்டது.

"படிம்மா."

"மூணு" என்றாள் அம்மா. "எட்டு. எட்டா, மூணா… மறுபடி ஒருக்கா அனுப்பச் சொல்லேன்."

"எத்தனை தடவை அனுப்பினாலும் நீதானம்மா படிக்கணும்!"

உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜீவிதா குரலை உயர்த்தி அந்த லேபில் யாரும் கேட்டதில்லை. காது சுட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"நான் ஓசூர் போறது பிடிக்கலைன்னா முதல்லயே சொல்லிருக்கலாம்ல? வேணும்னே மாத்தி மாத்தி அமுக்கி, இப்ப படிக்கவும் மாட்டேங்கிற. மூணு நாளா நான் தூங்கலம்மா. இருந்துக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துருப்பேன்."

"பிடிக்காமயா சந்தையில உனக்குப் பெட்டி வாங்கி வச்சிருக்கேன்?"

"அப்புறம் ஏன் இப்படிப் பண்ற?"

ரத்தம் எடுத்த சோதனைக் குழாயில் பேர் எழுதிக்கொண்டிருந்த சகாயராணி கையை நிறுத்தினாள்.

"அம்மா?"

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?"

"இல்ல. நான் மட்டும்தான் கேக்குறேன். சொல்லு."

"சொன்னா நீ போகாம இங்கயே இருந்துருவ. அதான் சொல்லல." அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பொங்கலுக்கு முந்தியிருந்தே எனக்குக் கண்ணு தெரியலை, தாயி."