ஐந்து மணி நுரை

அந்த பப்பின் முதலாளிக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் தவில். வயிறும் அப்படி, குரலும் அப்படி. அவர் ரகசியம் பேசினாலே எதிர்க் கடையில் முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஆறு வாரமாக அதிகம் வாய் திறக்காமல், கிளாஸ் கிளாஸாக நுரையைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

டேப்பைத் திறந்தால் நுரைதான். கிளாஸில் முக்கால்வாசி வெள்ளை, அடியில் இரண்டு விரல் பீர். வேலை முடிந்து தினமும் வந்து உட்காரும் தபால்காரர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"முதலாளி, குடிக்கக் கேட்டா சவரத்துக்குக் குடுக்கறீங்களே!"

கடை முழுக்கச் சிரித்தது. தவிலும் சிரித்து வைத்தார். சிரித்துக்கொண்டே தன் கையைப் பார்த்துக்கொண்டார். இருபது வருஷமாக பீர் ஊற்றுகிற கை அது.

தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. சூடான கிளாஸில் ஊற்றினால் பொங்கும் என்று ஒவ்வொரு கிளாஸையும் குளிர்ந்த தண்ணீரில் அலசினார். காஸ் அழுத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். பீப்பாய்கள் இருக்கும் குளிர் அறையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து, வெப்பமானியை முறைத்துப் பார்த்தார். குழாயை மருந்து விட்டுக் கழுவினார். டேப்பின் வாஷரை மாற்றினார். பீர் கம்பெனி மெக்கானிக் இரண்டு தடவை காலையில் வந்தார். இரண்டு தடவையும் பீர் பொன் மாதிரி இறங்கியது.

"மெஷின்ல ஒண்ணுமில்ல சார். ஊத்தற கையைக் கொஞ்சம் கவனிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று தவிலுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் துப்புக் கிடைத்தது மச்சானிடமிருந்துதான். மனைவியின் தம்பி, கல்லாவுக்கும் டேப்புக்கும் நடுவில் பத்து வருஷமாக நிற்பவன். நுரைத்த நாளையெல்லாம் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தான்.

"மாமா, இங்க பாருங்க. செவ்வாய், வியாழன். மறுபடி செவ்வாய், வியாழன். மத்த நாள்ல ஒரு வட்டம்கூட இல்ல."

"பீருக்குக் கிழமை தெரியுமா மாப்ள?"

"மணியும் தெரியுது மாமா. அஞ்சுலேர்ந்து ஆறு."

அன்று வியாழன். ஐந்து அடித்ததும் தவில் டிவியை நிறுத்தச் சொன்னார். நாற்காலி மேல் ஏறினார். குளிர் அறையிலிருந்து வரும் குழாய் கூரை விட்டங்களில் கொக்கி போட்டுத் தொங்கி, டேப் வரைக்கும் போகிறது. அதைக் கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"மாப்ள, குழாய் நடுங்குது."

"நாற்காலி நடுங்குது மாமா. எறங்கிடுங்க."

"ஷ்ஷ்!"

மேலிருந்து கேட்டது. தும், தும், தும். நின்றது. மறுபடி தும், தும், தும். அதே தாளத்துக்குக் குழாய் கைக்குள் துள்ளியது. இத்தனை நாளாக டிவி சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

மாடி இரண்டு மாசம் முன்பு வரை காகிதக் கிடங்கு. பிறகு யாரோ ஏதோ வகுப்பு நடத்தவென்று எடுத்திருந்தார்கள். தவில் நுரை வழிகிற ஒரு கிளாஸைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு பக்கவாட்டுப் படியில் ஏறினார். என்ன திட்டுவது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். கதவைத் தள்ளினார்.

முப்பது பெண்கள், ஒருத்தி ஊதும் விசிலுக்கு ஒன்றாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில், முகம் சிவந்து, கொண்டை அவிழ்ந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே குதித்தவள் அவர் மனைவி.

செவ்வாய், வியாழன் சாயங்காலம் அவள் தையல்காரியிடம் போவதாகத்தான் வீட்டில் பேச்சு. ஒன்றரை மாசமாக ஒரு துணிகூடத் தைத்து வரவில்லை என்பது தவிலுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அவள் அந்தரத்தில் இருக்கும்போதே அவரைப் பார்த்துவிட்டாள். தரையில் இறங்கியதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விசில் நின்றது. தவில் சேர்த்து வைத்திருந்த வரிகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"நுரை" என்றார், கிளாஸை நீட்டி.

"என்னங்க?"

"நீங்க குதிச்சா கீழ நுரைக்குது."

அறையே ஒரு கணம் யோசித்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள்.

விசில்காரம்மா கண்டிப்பானவர். "நிரூபிங்க" என்றார்.

நிரூபிக்க ஆள் வேண்டுமே. கீழே டேப்பில் மச்சான். மேலே முப்பது பேர். நடுப்படியில் தபால்காரர் தானாகவே வந்து நின்றுகொண்டார். "சேதி கொண்டு போறது என் வேலைதானே."

"குதிக்கச் சொல்லுங்க!" என்றான் மச்சான்.

"குதிக்கணுமாம்!" என்றார் தபால்காரர். கட்டடம் அதிர்ந்தது.

"நுரை!" கீழிருந்து குரல் வந்தது.

"நிறுத்துங்க!" என்று தபால்காரர் மேலே பார்த்துக் கத்தினார்.

நின்றார்கள். முதல் கிளாஸ் அப்போதும் நுரை. குழாயில் கலங்கி நின்ற பீர் வெளியே வர வேண்டுமே. இரண்டாவது கிளாஸ் கண்ணாடி மாதிரி தெளிந்து இறங்கியது. கீழே கைதட்டல். தட்டுகிற சத்தத்தில் தபால்காரருக்கு அடுத்த சேதி தப்பாக விழுந்து, "இன்னும் வேகமாவாம்!" என்று கத்த, கீழே மச்சான் தலையில் வெள்ளைக் குல்லா போட்ட மாதிரி நுரை பீறிட்டது.

"அக்கா! உங்க ஆட்டத்துக்கு நான் குளிச்சுட்டேன்!"

மனைவி அதைக் கேட்டு, சிரிப்பில் மூச்சு முட்டி, தவிலின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "முப்பது பேர் வேணாங்க. நீங்க ஒருத்தர் குதிச்சாலே போதும்."

"நானா?"

"குதிங்க, குதிங்க!" என்று முப்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

தவில் கிளாஸைக் கீழே வைத்தார். ஏப்ரனை இறுக்கினார். குதித்தார். விளக்கு ஆடியது. கீழேயிருந்து மச்சானின் அலறலும், அதைவிடப் பெரிதாகத் தபால்காரரின் சிரிப்பும் கேட்டன. இன்னொரு தடவை குதித்தார். அதற்குமேல் அவரால் நிறுத்த முடியவில்லை. குதிக்கக் குதிக்கச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்கக் குதிக்கத் தோன்றியது. மனைவியும் கூடக் குதித்தாள். கல்யாணமான புதிதில்கூட இரண்டு பேரும் இப்படிச் சிரித்ததில்லை.

இறங்கி வரும்போது படியில் நிறுத்திக் கேட்டார். "ஏன்டி சொல்லல?"

"சொன்னா நாலு பேர் முன்னாடி என்னை மாதிரியே குதிச்சுக் காட்டியிருப்பீங்க."

தவில் இரண்டு படி யோசித்தார். "ஆமா. காட்டியிருப்பேன்" என்றார். அவள் அதை ஏற்றுக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டே மீதிப் படிகளை இறங்கினாள்.

மறுநாள் காலையில் அவரும் மச்சானும் குழாயை விட்டங்களிலிருந்து கழற்றினார்கள். சுவரோரமாகக் கொண்டுபோய், ஒவ்வொரு பிடிக்கும் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்து முறுக்கினார்கள். நடுவில் ஒரு ஸ்பானர் மச்சான் காலில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு மேலே தும், தும் என்று தொடங்கியது. தவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப்பைத் திறந்தார். பொன்னிறமாக இறங்கி, மேலே ஒரு விரல் நுரையோடு நின்றது. தபால்காரர் ஒரே மடக்கில் பாதியைக் குடித்தார்.

ஆறு மணிக்கு முப்பது பெண்களும் வேர்க்க விறுவிறுக்கக் கீழே இறங்கி வந்து, கடையில் நிற்க இடமில்லாமல் செய்துவிட்டார்கள். தவில் முதல் கிளாஸை மனைவியின் முன்னால் வைத்தார்.

"கால் வலிக்குதா?" என்று, அவருக்கு வரக்கூடிய மிக மெதுவான குரலில் கேட்டார்.

எதிர்க் கடையில் கத்தரி நிற்கும் முன்பே, "ரொம்ப வலிக்குது" என்று அவள் சிரித்துக்கொண்டே கிளாஸைத் தூக்கினாள்.