சூதிங்காக ஓர் அறை

பெயிண்ட் அடிக்கக் கூப்பிடுகிறவர்கள் பளிச்சென்று வேண்டும் என்பார்கள், அழுக்குத் தெரியக் கூடாது என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரனுக்கு வயிறு எரிய வேண்டும் என்று வாய்விட்டே சொன்னவர்களும் உண்டு. ஆனால் "சூதிங்கா இருக்கணும், மனசுக்கு இதமா" என்று இந்த இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் கேட்டவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருமே எச்.ஆர். மேடம்கள்.

முதலாமவர் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருந்தவர். உள்ளே வந்து உட்கார்ந்தவுடன் மனசு அடங்குகிற மாதிரி ஓர் அறை வேண்டும் என்றார். வெளிர்பச்சையில் கொஞ்சம் சாம்பல் கலந்து அடித்துக் கொடுத்தேன். பத்தாம் நாள் அந்த அறைக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கையில் ஒரு கவரைக் கொடுத்து, நூற்றெண்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லையாம். கலர் நன்றாக வேலை செய்தது என்று அந்த மேடமே ஃபோனில் என்னைப் பாராட்டினார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாமவர் பம்பு செய்கிற கம்பெனிக்காரர். போன திங்கட்கிழமை கூப்பிட்டு, வெள்ளிக்குள் ஓர் அறை முடிய வேண்டும் என்றார். கலர் மாதிரிகள் உள்ள ஷேட் கார்டை நீட்டினேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே வார்த்தையைச் சொன்னார். அந்தக் கம்பெனியில்தான் என் தங்கை வீட்டுக்காரர் பதினான்கு வருஷமாக சூப்பர்வைசர்.

மாப்பிள்ளைக்கு வேறு வேலை கிடைக்காமல் இல்லை. நான் பெயிண்ட் அடித்த வீட்டு இன்ஜினியர் ஒருவர், தன் கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் இடத்தை அவருக்காக ஒரு மாதமாகப் பிடித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையோ பிடி கொடுக்காமல் பார்ப்போம், பார்ப்போம் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய் அட்டைப்பெட்டிக் கம்பெனிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். தங்கை முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை சிரித்தார். அது தொழிலாளர்களுக்கான ஓய்வறை என்று நோட்டீஸ் போர்டிலேயே போட்டிருக்கிறதாம்.

"மூடப்போற கம்பெனி எதுக்கு மச்சான் பெயிண்ட் அடிக்குது?" என்றார்.

எனக்குச் சுவரில்தான் வேலை, வாய்ப்பேச்சில் இல்லை. சரி, நேரில் காட்டிவிடுவோம், பார்த்தால் அவருக்கே உறைக்கும் என்று முடிவு செய்தேன்.

அந்த அறையைப் பார்த்தால் யாருக்கும் உறைக்கும். ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, இந்தப் பக்கம் ஒன்று. ஓய்வெடுக்கிறவனுக்கு எதற்கு எதிரே இரண்டு பேர்? ஆலைக்குள்ளிருந்து வர ஒரு கதவு, பின்பக்கத் தெருவுக்குப் போக இன்னொரு கதவு. அந்தத் தெருக்கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி போட வேண்டாம் என்று தச்சரிடம் சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானமே மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாம். முதல் கோட் மட்டும் அடித்திருந்தேன். சுவர் முழுக்கத் தேமல் விழுந்த மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது, மேலே ஒரு மொட்டை பல்பு. அந்தக் கோலத்தில் பார்த்திருந்தால் மனுஷன் அங்கிருந்தே ஓடியிருப்பார். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. அவர் வீட்டு ஹாலை நான் அடித்தபோது, ஆட்டுக்குட்டி நக்கின மாதிரி இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் கிண்டல் செய்தவர் அவர். அவர் கண்ணில் அரைகுறைச் சுவரைக் காட்டுவதா? இந்தப் பாழாய்ப்போன ரோஷத்தில் இரண்டாவது கோட்டும் அடித்தேன். மூலைகளை மணல்தாளால் தேய்த்து மூன்றாவதும் அடித்தேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டேன்.

மாப்பிள்ளை வந்தார். வாசலிலேயே நின்று சுற்றிப் பார்த்தார். உள்ளே வந்து எதிர்ச்சுவரைப் புறங்கையால் தொட்டார். பிறகு யாரும் சொல்லாமலே அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார். ஒரு மாதமாக அவர் முகத்தில் இருந்த கடுகடுப்பு என் கண்ணெதிரே கரைந்தது.

நான் இரண்டு நாற்காலியைக் காட்டினேன். மீட்டிங்குக்காக இருக்கும் என்றார். தெருக்கதவைத் திறந்து கைப்பிடி இல்லாததைக் காட்டினேன். திருடன் பயம் என்றார். எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது, அதுவும் அரைத்தூக்கத்தில் சொல்கிற பதில்.

"இவ்வளவு நல்லா செஞ்சு குடுக்கறவங்களை விட்டுட்டு எங்க மச்சான் போறது?" என்றார். "உங்க கை சும்மா சொல்லக் கூடாது. மனசே லேசாயிடுச்சு."

இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றுதான். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது எனக்கு.

அவர் உட்கார்ந்தபடியே ஃபோனை எடுத்தார். வேண்டாம் மாப்ளே, வீட்டுக்குப் போய் யோசித்துச் செய்யலாம் என்று கெஞ்சினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்ஜினியரிடம் மரியாதையாக நன்றி சொல்லி, தனக்கு இங்கேயே திருப்தியாக இருக்கிறது, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார். நிதானமான குரல். அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

ஃபோனை அவர் மேஜைமேல் வைத்தபோது ஆலைப்பக்கக் கதவு திறந்தது. எச்.ஆர். மேடம். ஒரு கையில் டிஷ்யூ பேப்பர் பெட்டி, மறு கையில் பெயர்கள் டைப் செய்த தாள்கள். மாப்பிள்ளை அந்த நாற்காலியில் இருப்பதைப் பார்த்துத் திகைத்தார். தாளைப் புரட்டினார். பிறகு தாலாட்டுகிற மாதிரி ஒரு குரலில் சொன்னார்.

"சார், உங்களை இன்னும் கூப்பிடலையே? உங்களுக்குத் திங்கட்கிழமை பதினொரு மணி."

சொன்ன பிறகுதான் தவறு உறைத்திருக்க வேண்டும். பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. சத்தமும் போடவில்லை. மேஜையிலிருந்த ஃபோனைக் கையில் எடுத்தார்.

"மச்சான்," என்றார் மெதுவாக. "திரும்பப் போட்டுப் பாக்கட்டுமா? நாலு மணி இன்னும் ஆகலையே?"

போடுங்க மாப்ளே என்றேன். போட்டார். மறுமுனையில் லைன் பிஸியாக இருந்தது. இன்ஜினியர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.