ஏழு நிமிடத்துக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து வந்தது. ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் சூடு ஏறினால் மணி அடிக்கும் மென்பொருள் ஒன்று. அதன் அமைப்புகள் எல்லாம் அந்த ஃபைலில்தான். # போட்டுத் தொடங்கும் வரிகளை மென்பொருள் தாண்டிப் போய்விடும். அவை மனிதர்களுக்கு.

(முதல் வரைவு 'என் கணவர் இறந்த நான்காம் மாதம்' என்று தொடங்கி, அங்கேயே நின்றது. 'அவள்' என்று மாற்றிய பிறகு நகர்ந்தது.)

2

அவள் அந்த ரத்த வங்கியில் பொறுப்பு டெக்னீஷியன். மென்பொருளை எழுதியவர் அவள் கணவர். சூடு ஏறி எத்தனை நிமிடம் கழித்து மணி அடிக்க வேண்டும் என்பது ஃபைலில் இப்படி இருக்கும்:

மணி_தாமதம் = 7
# முதலில் 5 வைத்தேன். பெரிய நர்ஸம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சம்பந்தி கதை பேசுகிறார். கதை முடிய ஆறரை நிமிடம்.

3

அவருக்குப் பின் வந்த இன்ஜினியரை வில்லனாக்கப் பார்த்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை.

"அக்கா, ஃபைலையே தூக்கிடலாம். எண்ணைப் போட ஸ்கிரீன் ஒண்ணு பண்ணியிருக்கேன். பத்துக்கு மேல போட்டா ஏத்துக்காது."

"ஃபைல்ல என்ன குறை?"

"எழுபதுன்னு அடிச்சாலும் சரிங்குதே, அதான் குறை."

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவர் அப்படித்தான் அடித்தார். எழுபது நிமிடம் மணி மூச்சு விடவில்லை. எட்டு பை ரத்தம் வீண். அதுவும் ஃபைலிலேயே இருக்கிறது:

# 70 என்று அடித்தது நான். டியூட்டியில் இருந்தவரைத் திட்டாதீர்கள்.

(டியூட்டியில் இருந்தது அவள்தான்.)

4

"மாத்தினா # வரியெல்லாம் என்ன ஆகும்?"

"புது ஸ்கிரீனுக்கு எண்ணு மட்டும்தான் போகும். குறிப்பை பிரிண்ட் எடுத்துத் தரேன்க்கா, வீட்ல வச்சுக்கங்க."

"வீட்ல வைக்க போட்டோ இருக்கு தம்பி. நாளைக்கு எவனாவது இதை அஞ்சுன்னு மாத்த வரும்போது, பக்கத்துலயே இருந்து கையப் பிடிக்கணும். அதுக்குத்தான் இது."

ஸ்கிரீனிலேயே காரணம் எழுத ஒரு கட்டம் வைக்கலாமே என்பீர்கள். அவளும் கேட்டாள்.

"வைக்கலாம்க்கா. யாரு எழுதுவா?"

அனுமதிப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

5

ஒரு முடிவு: கையெழுத்துப் போடுகிறாள். இனி எழுபது வராது. ஏன் ஏழு என்பதும் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று: மறுக்கிறாள். ஒருநாள் யாரோ அவசரத்தில் ஒரு சுழியத்தைக் கூடுதலாக

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. அந்த எட்டு பைகளையும் ஒவ்வொன்றாகக் கழிவுத் தொட்டியில் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்?)

படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. முடிவை நீங்களே போடுங்கள். ஒன்றோ இரண்டோ, எனக்குச் சண்டையில்லை. கீழே உள்ள # வரியை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முடிவு =
#